டிடி பந்தயத்தில் இடப்பெயர்கள்: 60 கிலோமீட்டர் பாதையை எப்படிப் படிப்பது?

ஐல் ஆஃப் மேன் டிடி (டூரிஸ்ட் ட்ராஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் நேரடி வருணனையை முதல் முறை கேட்பவருக்கு வேகத்தைவிடப் பெயர்கள்தான் அதிகம் குழப்பத்தைத் தரும். "க்ளென் ஹெலனில் இரண்டு விநாடி முன்னிலை", "பலாஃப் பாலத்தில் அது ஒரு விநாடியாகக் குறைந்துவிட்டது", "பங்களாவில் இன்னும் மேகமூட்டம்", "க்ரெக்-னி-பாவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்" என்று வருணனையாளர் சொல்லிக்கொண்டே போவார். யார் முந்துகிறார் என்பது புரியும். எங்கே நடக்கிறது என்பது புரியாது. எங்கே என்பது புரியாவிட்டால் இந்தப் பந்தயத்தில் பாதி சுவை போய்விடும். இந்தப் பெயர்கள் எப்படி வந்தன, ஒரு பெயரைக் கேட்டவுடன் பாதையில் அதன் இடத்தை எப்படிப் பிடிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் பாதையின் அளவை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் தீவு ஐல் ஆஃப் மேன். அங்கே 1907 முதல் டிடி பந்தயம் நடக்கிறது. 1911இல் அது ஸ்னேஃபெல் மலைப்பாதைக்கு மாறியது. இன்றைய பாதையின் ஒரு சுற்று 37.73 மைல், அதாவது ஏறக்குறைய 60.7 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். தனியாகக் கட்டிய பந்தயத் தளம் எதுவும் இல்லை; மற்ற நாள்களில் பால் வண்டியும் பள்ளிப் பேருந்தும் போகும் பொதுச் சாலைதான். பந்தய நேரத்துக்கு மட்டும் அதை அடைத்துவிடுகிறார்கள். 2023இல் பீட்டர் ஹிக்மன் இந்தச் சுற்றை 16 நிமிடம் 36 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டருக்கும் மேல்.

மூடிய பந்தயத் தளங்களில் முதல் வளைவு, இரண்டாம் வளைவு என்று எண் கொடுத்தாலே போதும். பத்துப் பதினைந்து வளைவுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். இருநூறு வளைவுகளுக்கு அந்த முறை உதவாது. "நூற்று முப்பத்தேழாவது வளைவில் எண்ணெய் சிந்தியிருக்கிறது" என்றால் எந்த வீரரின் கண் முன்னும் எந்த இடமும் தோன்றாது. அதோடு, எது ஒரு வளைவு, எது இரண்டு வளைவு என்பதிலேயே இங்கே கருத்து வேறுபாடு உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் குடும்பக் காருக்கு நேராகத் தெரியும் சாலை, 270 கிலோமீட்டரில் போகும் பைக்குக்கு வளைவாகிவிடும். அதனால் எண்ணைவிடப் பெயரே இங்கே நிலைத்தது. ஓர் ஊர், ஒரு பாலம், ஒரு மதுக்கடை, ஒரு குடிசை, விழுந்த ஒருவரின் பெயர் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அடையாளமாயிற்று.

இருநூறு பெயர்களையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பாதையின் வடிவத்தை மூன்று சாலைகளாகப் பிரித்துக்கொண்டால் போதும். தலைநகர் டக்ளஸ் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. பந்தயம் அங்கே, க்ளென்க்ரட்ச்சரி சாலையில் உள்ள பார்வையாளர் அரங்கின் முன்பு தொடங்குகிறது. ப்ரே ஹில் என்ற செங்குத்தான இறக்கத்தில் விழுந்து, குவார்ட்டர்பிரிட்ஜில் வலப்பக்கம் திரும்பியதும் ஏ1 சாலை. அது மேற்கு நோக்கிப் பல்லக்ரேன் சந்திப்பு வரை போகிறது. அங்கே மீண்டும் வலப்பக்கம் திரும்பினால் ஏ3 சாலை. வடக்கே ஏறி, பிறகு கிழக்கே வளைந்து ராம்சி நகரத்தை அடைகிறது. ராம்சியிலிருந்து ஏ18 என்ற மலைச்சாலை தெற்கு நோக்கி ஏறி, ஸ்னேஃபெல் மலையின் தோளைக் கடந்து டக்ளஸுக்கே இறங்குகிறது. மேற்கு, வடக்கு, கிழக்கு, பிறகு மலையேறித் தெற்கு: கடிகார முள் சுற்றும் திசை. எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது ஏ1இலா, ஏ3இலா, மலையிலா என்பதுதான். அதற்கு விடை தெரிந்தால் பாதி தேடல் முடிந்தது.

அடுத்த படி, ஐந்து பெயர்கள். அதிகாரபூர்வமாக இடைநேரம், அதாவது சுற்றின் நடுவே வீரரின் நேரம், எடுக்கும் இடங்கள் இவை: க்ளென் ஹெலன், பலாஃப், ராம்சி ஹேர்பின், பங்களா, க்ராங்க்-னி-மோனா. தொடக்கத்திலிருந்து க்ளென் ஹெலன் சுமார் 15 கிலோமீட்டர். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் ஓர் இடது வளைவு. பலாஃப் 27 கிலோமீட்டர். ஊர் நடுவே முதுகு தூக்கிய ஒரு சிறு பாலம். பைக் இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பிப் பறக்கும் அந்தப் படத்தை நீங்கள் நிச்சயம் எங்காவது பார்த்திருப்பீர்கள். ராம்சி ஹேர்பின் ஏறக்குறைய 39 கிலோமீட்டர்; மலையேற்றம் தொடங்கும் இடத்தில், கிட்டத்தட்ட வந்த திசைக்கே திருப்பிவிடும் மிக மெதுவான இடது திருப்பம். பங்களா 50 கிலோமீட்டர். மலை மேலே, ஸ்னேஃபெல் மலை ரயிலின் தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடம். க்ராங்க்-னி-மோனா 58 கிலோமீட்டர். மலை இறங்கி டக்ளஸின் விளிம்பைத் தொடும் இடது வளைவு. வருணனையில் இடைவெளி இத்தனை விநாடி என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில்தான். வீரர்கள் பத்து விநாடி இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்படுவதால், சாலையில் முன்னால் போகிறவர் முதலிடத்தில் இருக்கிறார் என்று கொள்ள முடியாது. யார் உண்மையில் முன்னிலை என்பதைச் சொல்பவை இந்த ஐந்து பெயர்களே.

நகரப் பேருந்தில் தினமும் போகிறவருக்கு நிறுத்தங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு நிறுத்தத்தின் பெயர் காதில் விழுந்தால் அடுத்தது எது, எழுந்து வாசலுக்குப் போக வேண்டுமா என்பதெல்லாம் யோசிக்காமலே வந்துவிடும். டிடி பாதையையும் அப்படித்தான் கற்க வேண்டும். ஐந்து பெரிய நிறுத்தங்களை ஊன்றிக்கொண்டு, நடுவில் உள்ளவற்றைப் பிறகு நிரப்பலாம். தொடக்கத்துக்கும் க்ளென் ஹெலனுக்கும் நடுவே பிராடன் பிரிட்ஜ், யூனியன் மில்ஸ், கிராஸ்பி, கிரீபா, பல்லக்ரேன். க்ளென் ஹெலனுக்கும் பலாஃபுக்கும் நடுவே க்ராங்க்-இ-வாடி, பாரெகாரோ, கிர்க் மைக்கேல். பலாஃபுக்கும் ராம்சிக்கும் நடுவே குவாரி பெண்ட்ஸ், மிக வேகமான சல்பி நேர்சாலை, சல்பி பாலம், ஜிஞ்சர் ஹால். இதற்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. தீவின் சொந்த மொழியான மேங்ஸ் மொழிப் பெயர்களின் எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருக்காது. எழுத்தில் பல்லாக் போலத் தோன்றும் ஊரைத் தீவுக்காரர்கள் பலாஃப் என்கிறார்கள். பாரெகாரோ அவர்கள் வாயில் பெகாரோ ஆகிவிடுகிறது. வரைபடத்தில் தேடியும் கிடைக்காத பெயர் இப்படி மறைந்திருக்கக் கூடும்.

இனி பெயர்களின் வகைகள். ஊர்ப் பெயர்களும் மேங்ஸ் மொழிப் பெயர்களும் பந்தயத்துக்கு முன்பே இருந்தவை. க்ராங்க் என்று தொடங்கினால் ஒரு குன்று, பல்லா என்று தொடங்கினால் ஒரு பண்ணை, க்ரெக் என்றால் ஒரு பாறை என்பது தெரிந்தால் நிலத்தின் தோற்றத்தை ஓரளவு ஊகிக்கலாம். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்களும் உண்டு: வாத்தின் கழுத்துப் போல் வளையும் கூஸ்நெக், மலைச்சரிவின் விளிம்பில் திண்ணை போல் ஓடும் வெராண்டா, காற்று அறையும் விண்டி கார்னர்.

கட்டடங்களின் பெயர்கள்தான் புதியவர்களை ஏமாற்றும். கட்டடம் போய்விடும், பெயர் நிற்கும். பங்களா என்ற அந்த மலைச்சந்திப்பில் இன்று பங்களா கிடையாது. அங்கிருந்த விடுதியை 1950களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். கெப்பல் கேட்டில் இன்று கதவு இல்லை. மலைச்சாலை வெறும் வண்டித்தடமாக இருந்த காலத்தில் ஆடுகள் தப்பிப் போகாமல் இருக்கச் சாலைக்குக் குறுக்கே கதவுகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் நினைவு அது. பெட்ஸ்டெட் கார்னர் என்ற பெயர், பழைய இரும்புக் கட்டில்களைக் கொண்டு அங்கே வேலி போட்டிருந்ததால் வந்தது என்பார்கள். கெப்பல் கேட்டைத் தாண்டியதும் வரும் கேட்ஸ் காட்டேஜ், உண்மையில் டேட் என்ற குடும்பத்தின் குடிசை என்றும், வானொலி வருணனையாளர் ஒருவரின் நா பிறழ்ந்ததால் கேட் ஆகிவிட்டது என்றும் தீவில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே பெயரில் உள்ள பொருளைத் தேடி வரைபடத்தை அலச வேண்டாம். அந்தப் பெயருக்கு முன்னால் எது, பின்னால் எது என்பதைத் தேடுங்கள்.

மைல் பெயர்கள் எளியவை. 13ஆம் மைல்கல், 26ஆம் மைல்கல், 32ஆம் மைல்கல், 33ஆம் மைல்கல் என்று சில வளைவுகளை அவற்றின் தூரத்தாலேயே அழைக்கிறார்கள். இந்த எண்கள் பந்தயத் தொடக்கத்திலிருந்து அளந்தவை. 13 என்றால் கிர்க் மைக்கேலுக்குச் சற்று முன்பு. 26 என்றால் ராம்சியைத் தாண்டி மலையேற்றத்தில். 32, 33 என்றால் உச்சியைக் கடந்து இறங்கும் பக்கம். இரண்டு மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டால் மற்றப் பெயர்களை அவற்றோடு கட்டிவிடலாம். மைலை 1.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

வீரர்களின் பெயர் தாங்கிய இடங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேதான் தவறான எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது. ஒரு வளைவுக்கு ஒருவரின் பெயர் இருந்தால் அவர் அங்கே இறந்தார் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை.

இறந்த இடத்துக்குப் பெயர் வைத்ததும் உண்டு. கிர்க் மைக்கேலைத் தாண்டியதும் வரும் பர்கின்ஸ் பெண்ட் அப்படிப்பட்டது. 1927இல் பயிற்சியின்போது ஆர்ச்சி பர்கின் அங்கே இறந்தார். அந்தக் காலத்தில் பயிற்சி நேரத்தில் சாலையை அடைப்பதில்லை. எதிரே வந்த மீன் வண்டியைத் தவிர்க்கப் போய் அந்த விபத்து நடந்தது. அடுத்த ஆண்டு முதல் பயிற்சிக்கும் சாலையை அடைத்தார்கள். இன்று ஒவ்வொரு பயிற்சி மாலையிலும் எதிரே வண்டி வராது என்ற நம்பிக்கையோடு வீரர்கள் போகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையின் விலை அந்த வளைவின் பெயரில் இருக்கிறது. பாதையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பெயர் இதுதான்.

விழுந்து பிழைத்தவர்களின் பெயர்கள் அதிகம். மலையிலிருந்து டக்ளஸுக்கு இறங்கும் வழியில், க்ரெக்-னி-பாவுக்கும் ஹில்பெரிக்கும் நடுவே உள்ள பிராண்டிஷ், 1923இல் வால்டர் பிராண்டிஷ் விழுந்து கால் முறிந்த இடம். 11ஆம் மைல்கல்லை ஒட்டிய ஹேண்ட்லிஸ் கார்னர், 1932இல் வால் ஹேண்ட்லி விழுந்து காயமடைந்த இடம். க்ளென் ஹெலனுக்கு முன்பு உள்ள டோரன்ஸ் பெண்ட், பில் டோரன் விழுந்த இடம். மூவரும் அங்கே உயிரிழக்கவில்லை.

கத்ரீஸ் மெமோரியல் வேறு வகை. ஸ்காட்லாந்து வீரர் ஜிம்மி கத்ரீ 1937 சீனியர் டிடி பந்தயத்தில் மலையேற்றத்தின் அந்த இடத்தில் வண்டி பழுதாகி நின்றார். அதே ஆண்டில் ஜெர்மன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் இறந்தார். இந்தப் பாதையில் அவர் கடைசியாகப் பந்தயம் ஓட்டி நின்ற இடத்தில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். லெஸ் கிரஹாம் நினைவிடம் இன்னும் குழப்பம் தரும். 1949இல் முதல் 500 சிசி உலகச் சாம்பியனான அவர், 1953இல் ப்ரே ஹில்லின் அடியில் இறந்தார். நினைவிடமோ பங்களாவுக்குச் சற்று முன்பு, மலை மேலே. விபத்து நடந்த இடத்துக்கும் பெயர் நிற்கும் இடத்துக்கும் நடுவே பாதையின் பெரும் பகுதி கிடக்கிறது.

இவை தவிர, முழுக்க மரியாதைக்காக வைத்த பெயர்களும் உண்டு. 26ஆம் மைல்கல்லின் பெயர் இப்போது ஜோயிஸ். டிடியில் 26 வெற்றி பெற்ற ஜோயி டன்லப், 2000ஆம் ஆண்டில் எஸ்டோனியாவில் நடந்த பந்தயத்தில் இறந்தார். வெற்றி எண்ணிக்கையும் மைல் எண்ணும் ஒன்றாக அமைந்ததால் இந்தப் பெயரை யாரும் இடம் மாற்றிச் சொல்வதில்லை. ஆனால் அவருடைய சிலை இருப்பது அங்கே அல்ல, பங்களாவில். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 26 வெற்றிகளை 2024இல் தாண்டியவர் அவருடைய தம்பி மகன் மைக்கேல் டன்லப். 32ஆம் மைல்கல்லின் தொடர் வளைவுகள் 2003இல் ஜெஃப் டியூக் பெயரால் டியூக்ஸ் ஆயின. அப்போது அவர் உயிரோடு இருந்தார். பங்களாவைத் தாண்டி உச்சிக்கு ஏறும் சாலை மைக் ஹெயில்வுட் பெயரைத் தாங்குகிறது. ப்ரே ஹில்லைத் தாண்டியதும் பைக் முன்சக்கரத்தைத் தூக்கும் மேட்டுக்கு வீரர் ஜியாகோமோ அகோஸ்டினியை வைத்து ஏகோஸ் லீப் என்று பெயர்.

ஆகவே ஒரு வீரரின் பெயரைக் கேட்டால் அங்கே என்ன நடந்தது என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறந்தாரா, விழுந்தாரா, நின்றாரா, வென்றாரா என்பதைப் பெயர் தானாகச் சொல்லாது.

ஒரு பெயர் பாதையில் எந்த இடம் என்பதைத் துல்லியமாகப் பிடிக்க நான்கு செய்திகள் போதும்: முன்னும் பின்னும் உள்ள பெயர்கள், ஏறக்குறைய எந்த மைல், வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது, நீங்கள் பார்க்கும் பொருள் பாதையின் உள்பக்கமா வெளிப்பக்கமா. கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பந்தயம் கடிகாரச் சுற்றில் ஓடுவதால், வீரரின் வலப்பக்கம் எப்போதும் பாதையின் உள்பக்கம், இடப்பக்கம் வெளிப்பக்கம். வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு இது மிக முக்கியம். சாலை அடைத்த பிறகு உள்ளே இருப்பவர் நினைத்த இடத்தில் வெளியே வர முடியாது. க்ரெக்-னி-பா விடுதியில் நின்று பார்க்க ஆசைப்பட்டால், சாலை அடைக்கும் நேரத்துக்கு முன்பே சரியான பக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பாதையோரப் பணியாளர்களுக்குப் பெயரின் துல்லியம் உயிர் காக்கும் விஷயம். 60 கிலோமீட்டரை யாரும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடியாது. பாதையைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தன்னார்வலர்களை நிறுத்துகிறார்கள். ஒருவர் விழுந்தால், அருகில் நிற்பவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் முதல் செய்தி இடம். மருத்துவ ஹெலிகாப்டர் அந்தச் சொல்லை நம்பித்தான் புறப்படுகிறது. "பங்களாவுக்குப் பக்கத்தில்" என்றால் போதாது. பங்களாவுக்கு முன்பா, பின்பா, தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். மலையில் மேகம் இறங்கி ஹெலிகாப்டர் பறக்க முடியாது போனால் பந்தயத்தையே தள்ளிவைக்கிறார்கள். வருணனையில் பங்களாவின் வானிலையை அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வீரர்களின் கல்வியும் பெயர்களில்தான் தொடங்குகிறது. முதல் முறை ஓட்ட வருகிறவர் மாதக்கணக்கில் வீடியோ பார்க்கிறார்; சாலை திறந்திருக்கும்போது காரில் சுற்றிச் சுற்றி வருகிறார்; அனுபவசாலிகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயரிலும் எந்தக் கியர், எந்தச் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்று கேட்கிறார். பந்தய வாரத்தில் முதல் சுற்றை அனுபவமுள்ள ஒருவரின் பின்னால், கட்டுப்படுத்திய வேகத்தில் போக வேண்டும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வளைவுகளை மாற்றி நினைத்துக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஒன்று முழு வேகத்தில் எடுக்கக்கூடியது. மற்றது இரண்டு கியர் குறைக்க வேண்டியது. பெயரை வரிசையோடு கற்றவருக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு.

நீங்கள் வீட்டிலிருந்து தொடங்க விரும்பினால், பைக்கில் பொருத்திய கேமராவில் எடுத்த ஒரு முழுச் சுற்று வீடியோவைத் தேடிப் போடுங்கள்; பெயர்களைத் திரையில் காட்டும் வீடியோவாக இருந்தால் நல்லது. முதல் முறை ஐந்து இடைநேர இடங்களை மட்டும் கண்டுபிடியுங்கள். அடுத்த முறை க்ளென் ஹெலன் வரை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மலைப்பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். அங்கே மரமும் வீடும் இல்லாததால் எல்லா வளைவும் ஒன்றுபோலத் தெரியும், மைல் எண்கள்தான் கைகொடுக்கும். க்ரெக்-னி-பாவை அடைந்துவிட்டால் வேலை எளிது: பிராண்டிஷ், ஹில்பெரி, க்ராங்க்-னி-மோனா, சைன்போஸ்ட், பெட்ஸ்டெட், நூக், மெதுவாக ஊர்ந்து போகவேண்டிய கவர்னர்ஸ் பிரிட்ஜ், பிறகு மீண்டும் க்ளென்க்ரட்ச்சரி சாலை.